உருளியில் தூங்கிய பிள்ளையும் ஜப்திக்கு வந்த அமீனாவும்

நெட்டைக்குளத்துப் பந்தல் கடை அண்ணன் தம்பிகள் மூன்று பேரையும் கெட்டவர்கள் என்று ஊரில் ஒருவர்கூடச் சொன்னதில்லை. வேறு என்னென்னவோ சொல்லியிருக்கிறார்கள்.

மூத்தவர் அழகுமலை. அடுத்தவன் சீனிராசு. கடைசி பொன்னிருளு. கல்யாணம், காதுகுத்து, சடங்கு என்று எந்த வீட்டில் விசேஷம் வந்தாலும் நாற்காலி, அண்டா, ஜமக்காளம், ஏணி எல்லாம் இவர்கள் கடையிலிருந்துதான் வாடகைக்குப் போகும். கடையும் வீடும் ஒன்றேதான். முன்னால் ஒரு வாசல் கதவு. மற்ற மூன்று பக்கமும் ஆளுயரத்துக்கு மேல் மதில்.

சாமான் வெளியே போகும்போது முன்பணம். திரும்பி வரும்போது போன சாமானேதான் வர வேண்டும். கழுவித் துடைத்து, கீறல் இல்லாமல். நசுங்கியிருந்தால் சேதாரம் கட்ட வேண்டும். இந்த ஒரு சட்டத்தை மட்டும் அவர்களுடைய அப்பா சொல்லிக்கொடுத்தார். மற்றதைச் சொல்லிக்கொடுக்க அவருக்கு ஆயுசு போதவில்லை.

ஒரு கல்யாணப் பந்தியில் வட்டிக்கடை தவசிமுத்து, அழகுமலைக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்து, "வீட்டுல ஒரு அம்பதாயிரம் ரொக்கமா இருந்தா அது ஒரு தைரியம்தான், அண்ணாச்சி" என்றார். அழகுமலை ரசம் வரும் வரை யோசித்துப் பார்த்தார். நியாயமாகத்தான் பட்டது. மறுநாளே மூன்று பேரும் அவர் கடைக்குப் போய் ஐம்பதாயிரம் ரூபாய்க்குத் தைரியம் வாங்கி வந்தார்கள்.

வாங்கி வந்து மஞ்சள் துணியில் சுற்றி டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள். ஒரு ரூபாயைக்கூடத் தொடவில்லை. அடுத்தவர் பொருளை வாடகைக்கு எடுத்துவிட்டு யாராவது செலவழிப்பார்களா? வட்டியை அவர்கள் வாடகை என்றே நினைத்தார்கள். மாசா மாசம் ஒழுங்காகக் கட்டினார்கள்.

"தைரியம் வந்துச்சா?" என்று அழகுமலையின் பெண்டாட்டி சொர்ணக்கிளி ஒருநாள் கேட்டாள்.

"எங்க? எவனாவது பெட்டியைத் தூக்கிட்டுப் போயிருவானோன்னு ஒரே பயமா இருக்கு."

"அப்ப திருப்பிக் குடுத்துருங்க."

நல்ல யோசனை. கொடுப்பதற்கு முன்னால் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக நோட்டுகளைத் தரையில் பரப்பினார்கள். அப்போது அழகுமலையின் கைக்குழந்தை முத்துப்பேச்சி தவழ்ந்து வந்து ஓர் ஐந்நூறு ரூபாய் நோட்டில் பாதியைத் தின்றுவிட்டாள்.

மூன்று பேரும் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்கள்.

"வேற ஐநூறு ரூவா வச்சுக் குடுத்தா என்ன?" என்றாள் சொர்ணக்கிளி.

"ஏட்டி, நம்ம அண்டாவை எடுத்துட்டுப் போனவன் வேற அண்டாவைக் கொண்டாந்து வச்சா நீ வாங்குவியா?" என்றார் அழகுமலை.

சொர்ணக்கிளி அந்த வீட்டில் வாழ்க்கைப்பட்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. அதனால் அவளுக்கும் அது சரியாகத்தான் பட்டது.

அதே நம்பர் போட்ட நோட்டு கிடைக்கும் வரை தவசிமுத்து முகத்தில் முழிப்பதில்லை என்று முடிவாயிற்று. பஸ் கண்டக்டர், மளிகைக்கடைக்காரர், கோழி வியாபாரி என்று யார் கையில் ஐந்நூறு ரூபாயைக் கண்டாலும் வாங்கி நம்பரைப் பார்த்துவிட்டு, பெருமூச்சு விட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். முகத்தில் முழிக்காததால் வட்டியும் போகவில்லை. தவசிமுத்து கேஸ் போட்டார்.

கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தது. தேதி, நேரம், இடம், மூன்று பேருடைய பெயர், எல்லாம் அச்சில் இருந்தன. அவர்களுக்குத் தெரிந்து அப்படி வருவது கல்யாணப் பத்திரிகை ஒன்றுதான். மூன்று பேரும் வெள்ளை வேட்டி கட்டி, நூற்றியொரு ரூபாய் மொய்க்கவரோடு போனார்கள்.

"மொய் எழுதுற இடம் எது, சார்?" என்று சீனிராசு வாசலில் நின்ற போலீஸ்காரரைக் கேட்டான்.

அவர் மூன்று பேரையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அந்தா, அந்த மரத்தடியில போய் உக்காருங்க" என்றார்.

உட்கார்ந்தார்கள். உள்ளே அவர்கள் பெயரை மூன்று தடவை கூப்பிட்டார்கள். கோர்ட் பியூன் தொண்டை கிழியக் கத்தினார். "நம்ம பேருள்ளவங்க நிறையப் பேரு வந்திருக்காங்க போலிருக்கு" என்றான் பொன்னிருளு. சாயங்காலம் வரை யாரும் பந்திக்குக் கூப்பிடவில்லை. மொய்க்கவரைத் திரும்ப மடியில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள்.

"கூப்பிட்டு வச்சு ஒரு வாய் காப்பிகூடக் குடுக்கல. இப்படியும் ஒரு வீடு" என்று அழகுமலை வெகுநாள் வருத்தப்பட்டார்.

தீர்ப்பு தவசிமுத்து பக்கம் போயிற்று. கடைச் சாமான்களை ஜப்தி செய்ய உத்தரவு வந்தது. சாமான் பட்டியலில் கடைசியாக, எல்லாவற்றிலும் விலை கூடின பொருளாக, பாயசம் காய்ச்சுகிற வெண்கல உருளி இருந்தது.

அதைக் கேட்டதும் சொர்ணக்கிளி கையிலிருந்த முறத்தைக் கீழே போட்டாள். ஏனென்றால் முத்துப்பேச்சி தூங்குவது அந்த உருளிக்குள்தான். பிறந்த மாசமே கல்யாண சீசன். விசேஷ வீட்டில் பாத்திரம் எண்ணுகிற அவசரத்தில் பிள்ளையை எங்கே போடுவது என்று தெரியாமல், பழைய சேலையை மடித்து உருளிக்குள் போட்டுப் படுக்கவைத்தாள். அடி உருண்டையாக இருப்பதால் விரலால் தொட்டாலே உருளி ஆடும். பிள்ளைக்கு அது பிடித்துப்போயிற்று. தொட்டிலில் போட்டால் கத்தும். பாயில் போட்டால் கத்தும். தோளில் போட்டால் காதுக்குள்ளேயே கத்தும்.

"உருளி போயிட்டா இவ தூங்க மாட்டா. இவ தூங்கலேன்னா நான் தூங்க முடியாது. நான் தூங்கலேன்னா..." என்று சொல்லிவிட்டுச் சொர்ணக்கிளி மூன்று பேரையும் பார்த்தாள். மூன்று பேரும் ஓர் அடி பின்னால் போனார்கள்.

"வக்கீலைப் போய்ப் பாருங்க!"

வக்கீல் ஞானாதிக்கம் பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தார். ஒரு கால் படியிலும் ஒரு கால் ரோட்டிலுமாக நின்று சொன்னார்:

"இங்க பாருங்க. ஜப்திக்கு வாற கோர்ட் அமீனாவுக்குக் கதவைத் திறக்காதீங்க. பூட்டின வாசக்கதவை அவர் உடைக்க முடியாது. பொழுது சாஞ்சுட்டா அவருக்கு அதிகாரம் கிடையாது. சமைக்கிற பாத்திரம், படுக்கை, இதையெல்லாம் தொடக்கூடாது. அதுக்குள்ள நான் ஒரு மனு போட்டுருதேன்."

பஸ் போய்விட்டது.

மூன்று பேரும் வீட்டுக்கு வந்து வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டு, குறுக்கே பந்தல் கம்பு ஒன்றைக் கொடுத்து, அதற்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள்.

"நாம வெளிய போகணும்னா?" என்றான் பொன்னிருளு.

"திறந்து போவோம்" என்றான் சீனிராசு.

"நாம திறக்கிற நேரம் பாத்து அமீனா வந்து நின்னாருன்னா, அவருக்குத் திறந்த மாதிரி ஆயிராதா?"

இரண்டு பேரும் மூத்தவரைப் பார்த்தார்கள். அழகுமலை கண்ணை மூடி யோசித்து, "ஆயிரும்" என்றார்.

அன்றிலிருந்து அந்தக் கதவு யாருக்கும் திறக்கவில்லை. பின்பக்க மதிலுக்கு வெளியே ஓர் ஏணி. உள்ளேயிருந்து ஏறுவதற்கு நாற்காலி அடுக்கு. குதிப்பதற்கு ஜமக்காளக் கட்டு. வாடகைக்கு வந்தவர்களுக்குக் கரண்டி, வாளி, அண்டா எல்லாம் மதில் மேலாகவே போயின. மாட்டுக்குத் தவிடு வாங்கப் போன சீனிராசு மூட்டையோடு மதில் மேல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, ஊரில் யாரும் ஆச்சரியப்படவில்லை.

ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரம் கழிந்து கதவு தட்டப்பட்டது.

"யாரது?"

"கோர்ட்டுல இருந்து வந்திருக்கேன். அமீனா இசக்கியப்பன். கதவைத் திறங்க."

"அமீனாவுக்குத் திறக்கப்படாதுன்னு வக்கீல் சொல்லிருக்காரு."

இசக்கியப்பன் பருத்த சரீரம். ஓய்வு பெறுகிற வயசு. இதுவரை ஒரு ஜப்தியையும் தவறவிட்டதில்லை என்று பெயர். இந்தப் பேச்செல்லாம் அவருக்குப் புதிதில்லை.

"சரி. திறக்க வேண்டாம். வீட்டு ஆளுங்க நீங்க எப்படிப் போய் வாறீங்க?"

"பின்னால ஏணி வச்சு."

"அந்த ஏணியில நான் வரலாமா?"

உள்ளே ஆலோசனை நடந்தது.

"ஏணியைப் பத்தி வக்கீல் ஒண்ணுமே சொல்லலியே, அண்ணே" என்றான் பொன்னிருளு.

"சொல்லலேன்னா? அதுக்காகச் சும்மா குடுத்துர முடியுமா?" என்றார் அழகுமலை. கதவோரம் போய்க் குரல் கொடுத்தார்: "அமீனா ஐயா! ஏணி நாள் வாடகை இருவது ரூவா. முன்பணம் அம்பது."

இசக்கியப்பன் பின்பக்கம் சுற்றி வந்து எழுபது ரூபாயை மதில் மேலாக நீட்டினார். ஏறினார். ஏணி முனகியது. மதில் மேல் ஒரு நிமிஷம் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஜமக்காளத்தில் விழுந்தார்.

"வாங்க, வாங்க. தண்ணி குடிக்கீங்களா?" என்று சீனிராசு உபசரித்தான். வீடு தேடி வந்தவர் அல்லவா.

சத்தம் கேட்டுச் சொர்ணக்கிளி ஓடி வந்தாள். அமீனாவைக் கண்டதும் திரும்பி ஓடிப்போய் உருளிக்கு முன்னால் நின்றுகொண்டாள். உள்ளே முத்துப்பேச்சி கட்டைவிரலை வாயில் வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"அமீனா ஐயா, இதைத் தொடப்படாது. இது சமைக்கிற பாத்திரம்."

"இல்லம்மா. வீட்டுக்குச் சமைக்கிறதுதான் சமையல் பாத்திரம். இது வாடகைக்கு விடுற சரக்கு."

"அப்ப படுக்கை. பிள்ளை படுத்திருக்கா, பாருங்க."

இசக்கியப்பன் உருளிக்குள் எட்டிப் பார்த்தார். நியாயஸ்தர். தாடையைத் தடவி நீண்ட நேரம் யோசித்தார்.

"பிள்ளை தூங்குற வரைக்கும் படுக்கை. ஒத்துக்கிடுதேன். முழிச்சுட்டா சரக்கு. நான் இருந்து எடுத்துட்டே போறேன். வண்டி தெருமுனையில நிக்கு." ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

சொர்ணக்கிளி வானத்தைப் பார்த்தாள். சூரியன் இன்னும் தென்னை மரத்துக்கு மேலேதான் இருந்தது. பொழுது சாயும் வரை பிள்ளை முழிக்கக் கூடாது. அவ்வளவுதான் காரியம். மூன்று பேரையும் பக்கத்தில் கூப்பிட்டுக் காதோடு சொன்னாள்:

"சூரியன் மறையுற வரைக்கும் இங்க ஒரு சத்தம் கேக்கப்படாது. யாரும் மூச்சு விடாதீங்க."

சீனிராசு சுவர்க்கடிகாரத்தைக் கழற்றி அரிசி மூட்டைக்குள் புதைத்தான். பொன்னிருளு சேவலைப் பிடித்து மடியில் வைத்து, அதன் மூக்கைப் பொத்திக்கொண்டு, நிலைமையை அதற்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னான். அழகுமலை குடும்பத்துக்கு மூத்தவர். ஆகவே பெண்டாட்டி சொன்னதை முழுதாகச் செய்தார். மூச்சு விடவில்லை.

முகம் முதலில் சிவந்தது. அப்புறம் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தது. அப்புறம் அடுக்கி வைத்திருந்த அண்டா மூடிகள் மேல் மல்லாக்க விழுந்தார்.

அந்தச் சத்தம் பஸ் நிறுத்தம் வரை கேட்டதாகச் சொல்கிறார்கள்.

முத்துப்பேச்சி வீறிட்டாள். சொர்ணக்கிளி அள்ளித் தோளில் போட்டாள். இசக்கியப்பன் எழுந்தார். "இப்ப சரக்கு" என்றார், வருத்தமாகவே.

அவருக்கென்று ஒரு முறை உண்டு. எதை ஜப்தி செய்தாலும் சாமான் பட்டியல் முழுவதையும் நின்று உரக்க வாசிப்பார். வாசித்து முடித்த பிறகுதான், விலை கூடின பொருளில் ஆரம்பித்து, சாக்பீஸால் அடையாளம் போடுவார். நடுவில் எது தடங்கினாலும் மறுபடி முதலிலிருந்து. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஏற்றமும் இல்லாமல் இறக்கமும் இல்லாமல் ஆரம்பித்தார்:

"பிளாஸ்டிக் நாற்காலி, சிவப்பு, கையுள்ளது, அம்பது. பிளாஸ்டிக் நாற்காலி, சிவப்பு, கையில்லாதது, முப்பது. பிளாஸ்டிக் நாற்காலி, நீலம், கையுள்ளது, ஒரு கால் வளைந்தது, பத்து..."

நீல நாற்காலியில் பிள்ளையின் அழுகை தேம்பலாயிற்று. ஜமக்காளத்தில் தேம்பல் நின்றது. "சாம்பார் வாளி, மூடியுள்ளது" என்னும்போது தலை சாய்ந்தது. "எவர்சில்வர் கரண்டி, பெரியது" வந்தபோது சொர்ணக்கிளி பிள்ளையைப் பூப்போல உருளிக்குள் கிடத்திவிட்டாள்.

"...வெண்கல உருளி, பெரியது, ஒன்று" என்று முடித்து, சாக்பீஸோடு குனிந்த இசக்கியப்பன் அப்படியே நின்றார்.

"படுக்கை" என்றாள் சொர்ணக்கிளி.

"படுக்கை" என்று ஒத்துக்கொண்டு நாற்காலிக்குப் போனார்.

வாசிப்பு நின்ற கொஞ்ச நேரத்தில் முத்துப்பேச்சி சிணுங்கி முழித்தாள். அமீனா பாய்ந்து எழுந்து பட்டியலை எடுத்தார். நாற்காலி, ஜமக்காளம், வாளி, கரண்டி. தூங்கிவிட்டாள். உட்கார்ந்தார். முழித்தாள். எழுந்தார். கொஞ்சம் வேகமாக வாசித்துப் பார்த்தார். பிள்ளை இன்னும் வேகமாகத் தூங்கியது.

"வாசிக்காம எடுத்துட்டுப் போயிருங்களேன், ஐயா" என்றான் பொன்னிருளு, அவர் படும் பாட்டைப் பார்க்கச் சகிக்காமல். சொர்ணக்கிளி அவன் தலையில் ஒரு குட்டு வைத்தாள்.

"அது முறையில்லப்பா" என்றார் இசக்கியப்பன். குரல் கம்மியிருந்தது. சீனிராசு அவருக்குப் பனங்கற்கண்டு கொண்டுவந்து கொடுத்தான்.

கடைசியாகச் சூரியன் தென்னை மரத்துக்குக் கீழே இறங்கி, மதிலுக்குக் கீழேயும் இறங்கியது. சொர்ணக்கிளி அடுப்படியிலிருந்தே கும்பிட்டாள். இசக்கியப்பன் பட்டியலை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். ஆனாலும் அவர் கால் உருளியை லேசாக ஆட்டிக்கொண்டிருந்தது. அவருக்கே அது தெரியவில்லை.

"சரி, நான் வாரேன். அந்த ஏணி..."

"ஏணியை மாதா கோயில்ல சீரியல் செட் கட்ட வாடகைக்குக் கேட்டாங்க. எடுத்துக்கிடச் சொல்லிட்டேன்" என்றான் சீனிராசு.

"நாள் வாடகை நான் குடுத்திருக்கேனேய்யா!"

"பொழுது சாஞ்சா நாள் முடிஞ்சுது. உங்க அதிகாரமே முடிஞ்சுபோச்சு, ஏணி முடியாதா?"

இசக்கியப்பன் நாற்காலி அடுக்கில் ஏறி மதிலுக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார். தன் வயிற்றையும் பார்த்தார். இறங்கிவிட்டார்.

"கதவைத் திறங்கப்பா."

"அமீனாவுக்குத் திறக்கப்படாது, ஐயா" என்றார் அழகுமலை மரியாதையாக.

"பொழுதுதான் சாஞ்சுட்டே! இப்ப நான் அமீனா இல்ல. வெறும் இசக்கியப்பன்."

மூன்று பேரும் ஒதுங்கி நின்று பேசினார்கள்.

"இசக்கியப்பனுக்குத் திறக்கலாம்ல, அண்ணே?"

"திறக்கலாம். ஆனா இவரு இசக்கியப்பன்னா, அமீனா எங்க போனாரு?"

மூன்று பேரும் மெதுவாகக் கதவைப் பார்த்தார்கள்.

"வெளியிலதான் நிப்பாரு" என்றான் பொன்னிருளு குரலைத் தாழ்த்தி. "இவருக்குன்னு திறப்போம். சட்டுனு அவரு உள்ள வந்துருவாரு."

இசக்கியப்பன் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

அப்போது கதவு மறுபடி தட்டப்பட்டது. மூன்று பேரும் ஒருவரை ஒருவர் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள்.

"யாரது?"

"நான்தான்வே, தவசிமுத்து! வண்டியை வச்சுக்கிட்டு எம்புட்டு நேரம் நிக்கது? அமீனா எங்க?"

"அண்ணாச்சியா! வெளிய அமீனா நிக்காரா, பாருங்க."

"வெளிய யாருமில்ல. அவருதான் உள்ள போனாரே!"

"உள்ள இசக்கியப்பன்தான் இருக்காரு. நல்லாப் பாருங்க. கதவு மறைவுல?"

"யாருமில்லங்கேன்!"

கடன் கொடுத்தவருக்குத் திறக்கக் கூடாது என்று வக்கீல் சொல்லவில்லை. ஒரு சாண் திறந்து, தவசிமுத்துவின் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்து, படாரென்று சாத்தினார்கள். அந்த ஒரு சாணைக் குறிவைத்து ஓடிவந்த இசக்கியப்பனின் மூக்கு கதவில் மோதியது.

"என்னய்யா நடக்கு இங்க? உருளி எங்க?" என்று தவசிமுத்து கத்தினார்.

"ஷ்ஷ்!" என்றார் இசக்கியப்பன், மூக்கைப் பிடித்துக்கொண்டே. "சத்தம் போடாதிரும். இப்பத்தான் கண்ணசந்தா."

"நீரு எந்தப் பக்கம்வே? நான் பணம் போட்டவன்! பணமில்லாத பயலுக வீட்டுல இதையாவது..."

"அண்ணாச்சி" என்றார் அழகுமலை. அவர் மனசு புண்பட்டிருந்தது. "பணமில்லன்னு யாரு சொன்னா?"

டிரங்குப் பெட்டி வந்தது. மஞ்சள் துணி அவிழ்ந்தது. கடை மடிப்புக்கூடக் கலையாமல் அத்தனை நோட்டும் இருந்தன. மேலே ஒரு நோட்டு மட்டும் பாதி.

தவசிமுத்து பணத்தைப் பார்த்தார். மூன்று பேரையும் பார்த்தார். அமீனாவைப் பார்த்தார். அமீனா கையை விரித்தார்.

"அப்ப ஏம்யா குடுக்கல?"

"ஒரு நோட்டு சேதமாயிட்டு, அண்ணாச்சி. அதே நம்பருல தேடிக்கிட்டே இருக்கோம்."

"எந்த நோட்டா இருந்தா என்னவே! ஐநூறு ஐநூறுதான!"

"அது எப்படி? நீங்க குடுத்தது இதைத்தான?"

"எனக்கு எதுவா இருந்தாலும் சரி!"

"எங்களுக்குச் சரியில்லியே" என்றான் சீனிராசு வருத்தத்தோடு.

தவசிமுத்துவுக்கு வேர்த்துவிட்டது. சொர்ணக்கிளி உருளியோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளை உள்ளே புரண்டது. இன்றைக்குத் தப்பியாயிற்று. நாளைக்கு விடிந்தால் இவர் மறுபடி அமீனா ஆகிவிடுவார். அந்தப் பயத்தில் அவளுக்கு அதுவரை வராத யோசனை ஒன்று வந்தது.

"ஏங்க, நம்ம அண்டாவை நசுக்கிக் கொண்டாந்தா நாம வேற அண்டாவா கேக்கோம்? சேதாரம்தான வாங்குதோம். அண்ணாச்சிக்கு அந்த நோட்டுக்கு ஐநூறு ரூவா சேதாரம் குடுத்துருங்க."

மூன்று பேரும் வாயைப் பிளந்து அவளைப் பார்த்தார்கள்.

"மதினி!" என்றான் பொன்னிருளு. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

பாதி நோட்டையும் அதற்கு ஐந்நூறு சேதாரத்தையும் வைத்து முழுப் பணத்தையும் கொடுத்தார்கள். பாக்கி வட்டியைப் பற்றித் தவசிமுத்து வாய் திறக்கவில்லை. அந்த வீட்டை விட்டுப் போனால் போதும் என்றிருந்தது அவருக்கு. கடன் தீர்ந்தது என்று எழுதி அமீனாவிடம் கொடுத்தார். உருளி உருளியாகவே நின்றது.

கிளம்புகிற நேரம் இன்னொரு சிக்கல் வந்தது. தவசிமுத்துவுக்குக் கதவைத் திறக்கலாம். ஆனால் இசக்கியப்பன் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார்.

"ரெண்டு பேருல யாருக்குத் திறக்கோம்னு கதவுக்கு எப்படித் தெரியும்?" என்றான் பொன்னிருளு.

"திறக்கத்தான கூடாதுன்னாரு வக்கீல்? கழட்டப்படாதுன்னு சொன்னாரா?" என்றாள் சொர்ணக்கிளி. அன்றைக்கு அவளுக்கு மூளை நன்றாக ஓடியது.

பந்தல்காரர்களுக்குக் கழற்றுவது பெரிய வேலையா? கீல், நிலை, தாழ்ப்பாள், குறுக்குக் கம்பு, எல்லாம் போட்டது போட்டபடி இருக்க, கதவைத் திறக்காமலே நிலையோடு பெயர்த்து ஓரமாகச் சாய்த்து வைத்தார்கள். இரண்டு பேரும் வெளியே போனார்கள். தவசிமுத்து நடந்து போனார். இசக்கியப்பன் ஓடினார்.

அதோடு எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். சொர்ணக்கிளி உருளியில் புதுச்சேலையை மடித்துப் போட்டுப் பிள்ளையைப் படுக்கவைத்தாள்.

பிள்ளை தூங்கவில்லை.

ஆட்டிப் பார்த்தாள். பாடிப் பார்த்தாள். அழகுமலை அமீனா மாதிரியே கண்ணாடி போட்டுக்கொண்டு பட்டியலைச் சிவப்பு நாற்காலியிலிருந்து வாசிக்க ஆரம்பித்தார். சாம்பார் வாளிக்கு வருவதற்குள் அவர்தான் தூங்கினார். சீனிராசு பட்டியலோடு வாடகையையும் சேர்த்துச் சொன்னான். பொன்னிருளு வாளியைத் தட்டித் தாளம் போட்டு வாசித்தான். பிள்ளை மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இவர்கள் அவரில்லை என்று தெரிந்து, இன்னும் ஓங்கி அழுதது.

நாலாம் நாள் சொர்ணக்கிளி கண் இரண்டும் கோவைப்பழமாக எழுந்து நின்று, "அந்த மனுசனைக் கூட்டிட்டு வாங்க" என்றாள்.

போனார்கள். இசக்கியப்பன் கோர்ட் ஜன்னல் வழியாகவே பேசினார். "உத்தரவு இல்லாம நான் ஒரு வீட்டுக்குள்ள கால் வைக்க மாட்டேன். அது முறையில்ல."

வக்கீல் ஞானாதிக்கத்திடம் போனார்கள். அவர் இந்தத் தடவையும் பஸ்ஸில்தான் ஏறிக்கொண்டிருந்தார்.

"அமீனா வீட்டுக்கு வரணும்னா என்ன செய்யணும், ஐயா?"

"என்ன கேள்வி இது? கடன் வாங்கித் திருப்பிக் குடுக்காம இருந்தா தானா வருவாரு."

பஸ் போய்விட்டது.

மறுநாள் காலை தவசிமுத்து வட்டிக்கடையைத் திறக்க வந்தவர், தெருமுனையில் மூன்று வெள்ளை வேட்டிகளையும் இடுப்பில் பிள்ளையோடு ஒரு சேலையையும் கண்டார். உள்ளே பாய்ந்து ஷட்டரை இழுத்துவிட்டுத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். அழகுமலை ஷட்டரைத் தட்டினார்.

"அண்ணாச்சி, ஒரு அம்பதாயிரம் குடுங்க."

"போங்கவே! ஒரு தடவை உங்களுக்குக் குடுத்துப் பட்டது போதும்!"

"அதை மனசுல வச்சுக்கிடாதீங்க, அண்ணாச்சி. போன தடவை தெரியாம திருப்பிக் குடுத்துட்டோம்."

"சின்னப் பிள்ளைத்தனமா நடந்துட்டோம்" என்றான் சீனிராசு.

"இந்தத் தடவை ஒரு பைசா திரும்பி வராது" என்றான் பொன்னிருளு. "மூணு பேரும் பத்திரத்துல கையெழுத்துப் போட்டுத் தாரோம்."

உள்ளேயிருந்து நாற்காலியை இழுத்து ஷட்டருக்கு அண்டை கொடுக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

சொர்ணக்கிளி பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, ஷட்டரோரம் வாயை வைத்துச் சொன்னாள்:

"நம்பிக் குடுங்க, அண்ணாச்சி. அப்படி ஏதும் பணம் திரும்பி வந்துட்டுன்னா என்னைக் கேளுங்க. நான் ஜாமீன்."